அடுப்பை விட்டு நகரும்போது

அடுப்படியில் தீப்பிடித்த கதைகளைக் கேட்டுப் பாருங்கள். பலவும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "இப்பத்தான் வாசலுக்குப் போனேன்." கீரைக்காரம்மா குரல் கொடுத்திருப்பார். கொரியர்காரர் மணி அடித்திருப்பார். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியிருக்கும். உள்ளே சட்டியில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்திருக்கும். அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் ஆண்டுக்கணக்கில் விவரம் சேர்த்துவிட்டுச் சொல்வதும் இதைத்தான்: வீட்டுச் சமையல் தீக்கு முதல் காரணம், அடுப்பை எரியவிட்டு ஆள் நகர்ந்துபோவது. எங்கள் ராஜபாளையத்தில் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பாட்டியைக் கேட்டாலும் செலவில்லாமல் இதைச் சொல்லியிருப்பார்.

ஆனால் பாட்டி "கவனம் பத்தல" என்று அதோடு முடித்துவிடுவார். எனக்கு அங்கேதான் ஒப்பவில்லை. வாசலுக்குப் போனவள் இன்னொன்றைக் கவனிக்கத்தான் போனாள். வீட்டை நடத்துகிற ஒருத்திக்கு ஒரு நேரத்தில் ஐந்து வேலை. அந்த ஐந்தில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நெருப்பு இருக்கிறது.

*

ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து பஸ்ஸில் அரை மணிக்குள் வந்துவிடும். ஆண்டாள் கோவிலைச் சுற்றியுள்ள தெருக்களில் பால்கோவாக் கடைகள். 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு பெயர்ப் பலகைகள் கொஞ்சம் பெரிதாகியிருக்கின்றன. சரக்கு அதேதான், பாலும் சர்க்கரையும். கடையின் பின்பக்கம் போய் நின்று பார்க்க விட்டால் அதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்கு இல்லை.

செங்கல் அடுப்பில் அகன்ற இரும்புச் சட்டி. கீழே புளிய விறகு, சில இடங்களில் முந்திரித் தோடு. தோட்டில் எண்ணெய் இருப்பதால் சட்டென்று பற்றும், நின்று எரியும். பால் கொதித்து, வற்றி, ஓரத்தில் ஆடை கட்டத் தொடங்கியதிலிருந்து மாஸ்டரின் கை நிற்பதில்லை. ஓரத்தை வழித்து நடுவில் தள்ளுகிறார், துடுப்பு அடியைத் தொட்டுத் திரும்புகிறது, மறுபடி ஓரம். நிறம் மாறும்போது குனிந்து விறகை வெளியே இழுத்துவிடுகிறார். இழுத்த பிறகும் கிண்டுவது நிற்கவில்லை. இரும்பு தன் சூட்டை உடனே விடாது, தீ போன பிறகும் பால் வெந்துகொண்டுதான் இருக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

"கொஞ்சம் உட்காரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"நான் உட்கார்ந்தா பால் உட்கார்ந்திரும்க்கா."

சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு யாரோ முன்பக்கமிருந்து கூப்பிட்டார்கள். அவர் போகவில்லை. "டேய் தம்பி" என்று ஒரு பையனை அழைத்து, துடுப்பை அவன் கையில் கொடுத்து, அவன் இரண்டு சுற்றுச் சுற்றுவதைப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வீட்டு அடுப்படியில் துடுப்பை வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அங்கே நிற்பவளிடமே எல்லாம் கேட்கப்படும்: சட்டை எங்கே, சாவி எங்கே, டிபன் ஆச்சா. ஆள் இல்லையென்றால் நெருப்பை நிறுத்திவிட்டுப் போவது ஒன்றுதான் வழி. ஒரு நிமிடம்தானே என்று தோன்றும். காஸ் அடுப்பை நிறுத்த ஒரு நொடி, திரும்பப் பற்ற வைக்க இன்னொரு நொடி. விறகடுப்புக் காலத்தில் அணைத்தால் மறுபடி ஊதி ஊதிக் கண் எரிய வேண்டும். அதனால் எரியவிட்டுப் போனார்கள். அந்தக் கஷ்டம் போய் எத்தனையோ வருடமாகியும் கை பழைய அடுப்பின் நினைப்பிலேயே இருக்கிறது.

*

எண்ணெயைப் பற்றிக் கொஞ்சம்.

தண்ணீர் நூறு டிகிரியில் கொதித்து ஆவியாகப் போய்விடும். அதற்கு மேல் சூடாகாது. எண்ணெய்க்கு அப்படி ஒரு நிறுத்தம் கிடையாது, ஏறிக்கொண்டே போகும். செக்கு நல்லெண்ணெய் சீக்கிரம் புகையும். சுத்திகரித்த கடலை எண்ணெய் 230 டிகிரி வாக்கில் புகையும். முதலில் மேற்பரப்பு நெளியும். பிறகு நூலாக ஒரு புகை. பிறகு தொண்டையைக் கரகரக்க வைக்கிற ஒரு நெடி. அந்த நெடி வந்த பிறகும் அடுப்பு எரிந்தால், தீக்கொழுந்து தொடாமலே எண்ணெய் தானாகப் பற்றிக்கொள்ளும். நெளிவிலிருந்து பற்றுவது வரை சில நிமிடங்கள்தான், வாசலில் கீரை விலை பேசி முடிக்கிற நேரம்.

பற்றிக்கொண்டால் எல்லோருக்கும் கை தண்ணீர்ச் செம்புக்குத்தான் போகும். நெருப்பென்றால் தண்ணீர் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். எண்ணெயில் அது எதிரி. தண்ணீர் எண்ணெயைவிடக் கனம், அடியில் இறங்கும். இறங்கிய இடத்தில் அத்தனையும் ஒரே நொடியில் ஆவியாகும். ஒரு பங்கு தண்ணீர் ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு பங்கு ஆவி. அந்த ஆவி மேலே கிடக்கும் எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். சமையலறை முழுக்கப் பற்றிய விபத்துகளுக்குப் பின்னால் பல நேரம் ஒரு செம்புத் தண்ணீர் இருக்கிறது.

செய்ய வேண்டியது சின்ன வேலை. அடுப்பை நிறுத்து. சட்டியைவிடப் பெரிய தட்டு ஒன்றை நம் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக நகர்த்தி மூடு. பிறகு தொடாதே. தீ அணைந்துவிட்டதா என்று திறந்து பார்த்தால் காற்றுப் பட்டு மறுபடி பற்றும். சட்டி ஆறும் வரை மூடியே இருக்கட்டும். எரியும் சட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடுவதுதான் இருப்பதிலேயே மோசம். நடக்கிற காற்றில் கொழுந்து தூக்கியவர் பக்கமே சாயும். கை சுட்டால் சட்டி காலில் விழும்.

இது எல்லாருக்கும் தெரியும் என்பார்கள். அப்படியானால் வடை சுடும்போது அந்தப் பெரிய தட்டு எங்கே இருக்கிறது? பல வீடுகளில் கழுவின பாத்திரக் கூடையில், நாலு பாத்திரத்துக்கு அடியில்.

அப்பளத்தை யாரும் சமையலாகவே கணக்கில் எடுப்பதில்லை. "அப்பளம்தானே" என்று எல்லாரும் இலை முன் உட்கார்ந்த பிறகு எண்ணெயை வைப்பார்கள். ஒருவர் ரசம் கேட்பார். தீபாவளிக்கு முந்தின இரவு முறுக்குச் சுடுவது இன்னொரு கதை. பகல் முழுக்க வேலை பார்த்த உடம்பு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, பதினொரு மணிக்கு, கடைசி ஈடு. எங்கள் மாவட்டத்தில் தீபாவளி என்றாலே பட்டாசுத் தீயைப் பற்றித்தான் எச்சரிக்கை வரும். சிவகாசி பக்கத்திலேயே இருப்பதால் அது நியாயமும்கூட. அந்த இரவில் அடுப்படியில் தூங்கி வழிகிறவளைப் பற்றி யாரும் துண்டறிக்கை அச்சடித்து நான் பார்த்ததில்லை. முறுக்கை இரண்டு நாள் முன்னால் பகலில் சுட்டால் என்ன? ஒன்றும் கெட்டுப்போகாது. சுடுகிறவருக்குப் பகலில் நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

*

முந்தானையால் பாத்திரம் இறக்குவதை இன்று காலை கூடப் பார்த்தேன். கரித்துணி ஆணியில்தான் தொங்கியது. கைக்கு எட்டியது முந்தானை. அதன் ஒரு முனை பாத்திரத்தின் விளிம்பில் இருக்க, மடிப்பு ஒன்று பக்கத்து பர்னரின் மேல் ஒரு கணம் கிடந்தது. ஒன்றும் ஆகவில்லை.

ராஜபாளையத்துக்காரர்களுக்குத் துணி பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா நூற்பாலை தொடங்கிய ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி முழுக்க மருத்துவமனைகளுக்குப் போகும் பேண்டேஜ் துணி. தீக்காயத்துக்குக் கட்டுகிற துணியும் அதில் அடக்கம். பருத்தி எரியும், வேகமாகவே எரியும். பாலியஸ்டரும் நைலானும் எரிவதோடு உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் எடுக்கும்போது தோலோடு வரும். ஆகவே அடுப்படிக்குப் பருத்தி மேல். ஆனால் பருத்தி நைட்டி போட்டால் போதும் என்று இருந்துவிடவும் முடியாது. தளர்ந்த கை, தொங்கும் துப்பட்டா, இடுப்பில் செருகாத முந்தானை, இவைதான் முதலில் பற்றுகின்றன. பின்பக்க பர்னரில் இருப்பதை எடுக்க முன்பக்கத் தீயைத் தாண்டிக் கை நீளும்போது பற்றுகின்றன.

உடையில் தீ பிடித்தால் ஓடக் கூடாது; நின்று, தரையில் படுத்து, உருள வேண்டும். சுட்ட இடத்தில் குழாய்த் தண்ணீர் இருபது நிமிடம் ஓட வேண்டும். இங்க், பற்பசை, இட்லி மாவு எதுவும் வேண்டாம். எல்லார் வீட்டிலும் இட்லி மாவு இருப்பதால் அதைப் பூசிவிடுகிறோம். குழாயும் எல்லார் வீட்டிலும் இருக்கிறது.

*

இதை எழுதாமல் தாண்டினால் அடுப்படித் தீயைப் பற்றி எழுதியதாக ஆகாது.

நான் சிறு பெண்ணாக இருந்த காலத்துப் பத்திரிகைகளில் "ஸ்டவ் வெடித்து இளம்பெண் சாவு" என்ற தலைப்பு திரும்பத் திரும்ப வரும். பித்தளை டேங்க், பம்ப் அடித்து எரிக்கும் மண்ணெண்ணெய் ஸ்டவ். அது வெடிக்கக் கூடியதுதான். எரியும்போது எண்ணெய் ஊற்றினாலோ, பின் குத்தாமல் அடைத்துப்போயிருக்கும்போது பம்ப் அடித்துக்கொண்டே போனாலோ ஆபத்துதான். ஆனால் அந்த ஸ்டவ் மாமியாரையோ கணவனையோ விட்டுவிட்டு, கல்யாணமாகி வந்த மருமகளை மட்டும் தேடித் தேடி வெடித்தது எப்படி என்று நாடு கேட்கத் தொடங்கியது. 1986-இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 304பி சேர்ந்தது: மணமாகி ஏழு ஆண்டுக்குள் ஒரு பெண் தீக்காயத்தாலோ வேறு இயற்கையல்லாத வகையிலோ இறந்து, அதற்குச் சற்று முன்பு வரதட்சணைக் கொடுமை நடந்திருந்தால், அது வரதட்சணைச் சாவு.

விபத்து என்று எழுதப்பட்ட எல்லாம் விபத்து இல்லை. அதனாலேயே அடுப்படிப் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது எனக்கு ஒரு தயக்கம் வரும். "அவள் கவனமாக இருந்திருக்கலாம்" என்ற பேச்சு எத்தனை வீடுகளில் எத்தனை பேரைக் காப்பாற்றியிருக்கிறது என்று நினைத்தால்.

*

ஆடி. மலைப்பக்கமிருந்து மேல்காற்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேருக்கு வடம் பிடிக்கிற நாட்களில் தெருவில் குடை நிற்காது. அடுப்படி ஜன்னல் மேற்குப் பக்கம் இருந்தால் சிம்மில் வைத்த தீ எப்போது அணைந்தது என்று தெரியாது. குக்கர் விசில் வராதபோதுதான் எட்டிப் பார்ப்போம்.

இன்னொரு அணைப்பும் உண்டு, அதைத்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். பால் பொங்குவது நமக்கு மங்கலம். தைப் பொங்கலன்று பொங்கினால் குலவை. புதுவீட்டுக்குப் போனால் முதல் வேலை பால் காய்ச்சுவது, அது பொங்கி எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்ப்பது. விறகடுப்பில் பால் வழிந்தால் சுர்ரென்று சத்தம், கொஞ்சம் சாம்பல், முடிந்தது. காஸ் அடுப்பில் வழிந்தால் பர்னர் அணையும், வாயு அணையாது. அது சத்தமில்லாமல் வந்துகொண்டே இருக்கும். தீ அணைந்ததும் வாயுவைத் தானே நிறுத்தும் பாதுகாப்புக் கருவி ஐரோப்பிய நாடுகளில் வீட்டு அடுப்போடு சேர்ந்தே வருகிறது. நம் ஊரில் விற்கும் சாதாரண இரண்டு பர்னர் அடுப்பில் அது கிடையாது. மங்கலத்தையும் அடுப்பையும் சேர்த்து யோசிக்க வேண்டிய பொறுப்பு பால் காய்ச்சுகிறவரிடமே விடப்பட்டிருக்கிறது.

சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. மேலே போய் ஜன்னல் வழியாக வெளியேறும் என்று நினைத்தால் தவறு. தரையோடு பரவி மூலையில் தங்கும். அதற்கென்று வாசனை கிடையாது. மெர்காப்டன் என்ற நாற்றமடிக்கும் பொருளைத் துளி சேர்த்து அனுப்புகிறார்கள், மூக்குக்குச் சேதி சொல்ல. காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு கலந்தாலே பற்றக் காத்திருக்கும். அதற்கு ஒரு பொறி போதும்: ஸ்விட்ச், பிரிட்ஜ் தானாக ஓடத் தொடங்குவது, சாமி விளக்கு.

மார்கழியை நினைத்துப் பார்க்கிறேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் அந்த மாதம் விடிவதற்கு வெகு முன்பே வீடுகள் எழுந்துவிடும். பனிக்கு ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும். பல வீடுகளில் சாமி அலமாரி அடுப்படியிலேயேதான். எழுந்து குளித்துவிட்டு வருகிற கை முதலில் தேடுவது ஸ்விட்சை, அடுத்தது தீப்பெட்டியை. ராத்திரி ரெகுலேட்டர் மூடியிருந்தால் இதில் ஒரு பயமும் இல்லை. மூடவில்லையென்றால், ஸ்விட்சுக்கும் தீப்பெட்டிக்கும் முன்னால் ஒரு மூச்சு இழுத்துப் பார்ப்பது நல்லது. நெடி தெரிந்தால் விளக்கைப் போடவும் வேண்டாம், எரிகிற விளக்கை அணைக்க ஸ்விட்சைத் தொடவும் வேண்டாம். கதவு ஜன்னலைத் திற, ரெகுலேட்டரை மூடு, வெளியே வந்து 1906-ஐக் கூப்பிடு. தீ என்றால் 101.

தீக்குச்சியும் பக்கத்து ஊர் சரக்குத்தான். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு சிவகாசிக்குத் திரும்பி நூறு ஆண்டு ஆகிவிட்டது. ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. அதற்கு ஊரில் எழுந்த முணுமுணுப்பு, காலாவதியான காஸ் டியூபுக்கு எழுந்து நான் கேட்டதில்லை.

*

சோப்புத் தண்ணீர் வைத்துப் பார்ப்பது எனக்குப் பிடித்த வேலை. புது சிலிண்டர் மாட்டியதும் ஒரு கிண்ணத்தில் துணி சோப்பைக் கலக்கி, விரலால் தொட்டு, ரெகுலேட்டர் உட்காருமிடத்தில் தடவுகிறேன். பிறகு டியூப் ரெகுலேட்டரில் நுழையும் இடம். பிறகு அடுப்பின் பின்னால் நுழையும் இடம். அங்கே டார்ச் அடித்துக் குனிய வேண்டும். சோப்பு நுரை அப்படியே உட்கார்ந்திருந்தால் நிம்மதி. ஒரு முட்டை மெல்லப் பெரிதாகி உடைந்து, அதே இடத்தில் இன்னொன்று கிளம்பினால், அங்கே வாயு கசிகிறது. கண்ணால் பார்க்க முடியாத ஒன்றைக் கண்ணால் பார்க்கும் ஒரே தருணம் அது. தீக்குச்சி கிழித்துக் கசிவைப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கசிவு தெரிந்துவிடும்.

சிலிண்டரின் கழுத்துப் பட்டையில் ஒரு ஆங்கில எழுத்தும் இரண்டு எண்ணும் இருக்கும். ஏ என்றால் ஜனவரி முதல் மார்ச், பி என்றால் ஏப்ரல் முதல் ஜூன், சி, டி அதே வரிசையில். எண் ஆண்டு. அந்தக் காலாண்டோடு சோதனைக் கெடு முடிகிறது. கெடு தாண்டியதை வாங்க வேண்டியதில்லை. டெலிவரி தம்பியிடம் சொன்னால் மாற்றித் தருவார், கொஞ்சம் அலுத்துக்கொண்டு. டியூப் ஐந்து ஆண்டு. சிலிண்டர் நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில்.

ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம் தீத்தொண்டு வாரம். 1944-இல் அந்தத் தேதியில் பம்பாய்த் துறைமுகத்தில் ஒரு கப்பல் வெடித்து, தீயணைக்கப் போன 66 பேர் இறந்தார்கள், அவர்கள் நினைவு. நமக்கு அது சித்திரை முதல் நாளை ஒட்டி வரும். அந்த வாரத்தில் தீயணைப்புத் துறையினர் பள்ளிக்கூட மைதானத்தில் சிலிண்டர் வாயில் தீ மூட்டிக் காட்டுவார்கள். கொழுந்து ஆள் உயரம் எழும். பிள்ளைகள் பின்வாங்குவார்கள். வீரர் ஒருவர் தண்ணீரில் நனைத்த சாக்கை முன்னால் பிடித்துக்கொண்டே நெருங்கி, மேலே போர்த்தி, வால்வைத் திருகி மூடுவார். அவர் அவசரப்படுவதில்லை. வீட்டில் அதைச் செய்யத் துணிவதா வேண்டாமா என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது: ஆட்களை வெளியே கொண்டுவருவது முதல் வேலை.

*

விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு ஜூலை 15 மறக்காது. காமராஜர் பிறந்த நாள். 1952-இல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்துதான் அவர் மக்களவைக்குப் போனார். முதலமைச்சரான பிறகு பள்ளிக்கூடத்தில் மதிய உணவுக்கு அடுப்பு மூட்டியவர். அவர் பிறந்த நாளுக்கு மறுநாள், 2004 ஜூலை 16, கும்பகோணம் காசிராமன் தெருவில் ஒரு பள்ளி. மதிய உணவு சமைத்த கூடத்தின் கூரையில் பற்றிய தீ வகுப்பறைக் கூரைக்கு ஏறியது. இரண்டும் கீற்று. மாடியில் சின்னப் பிள்ளைகள். இறங்கக் குறுகிய படி. தொண்ணூற்று நாலு குழந்தைகள்.

பத்து ஆண்டு கழித்து 2014-இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. பள்ளி நடத்தியவர், அதிகாரிகள் இவர்களோடு சத்துணவு அமைப்பாளரும் சமையலரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். மேல்முறையீட்டில் பிறகு தண்டனைகள் குறைந்தன. நீதிமன்றத்துக்கு அதன் வேலை இருக்கிறது. நான் வேறொரு வரிசையை மனத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். அடுப்புக்கு மேல் கீற்று போட்டவர் ஒருவர். அதன் அருகே வகுப்பை வைத்தவர் ஒருவர். அத்தனை பிள்ளைகளுக்கு அந்தப் படி போதும் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர் ஒருவர். சமையலர் இந்த வரிசையின் கடைசி ஆள். அவர் நகர்ந்தாரா நின்றாரா என்பதற்கு முன்பே அந்த அடுப்படி யாரும் நகரவே முடியாத இடமாகக் கட்டப்பட்டிருந்தது.

கும்பகோணத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுப் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் இறங்கின. அடுப்படிக்குள் நுழையாதவர்கள் எடுக்கும் முடிவுகளும் சமையல் பழக்கத்தில் சேர்த்திதான் என்று புரியத் தொண்ணூற்று நாலு பேர் சாக வேண்டியிருந்தது.

*

2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை. மதுரை ரயில் நிலையத்தின் அருகே கழற்றி நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி. லக்னோவிலிருந்து 17-ஆம் தேதி புறப்பட்ட யாத்திரீகர்கள். முந்தின நாள் நாகர்கோவிலில் மதுரைக்கு வரும் ரயிலோடு பெட்டியைச் சேர்த்திருந்தார்கள். ரயிலில் சிலிண்டர் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். கொண்டுவந்திருந்தார்கள். விடிந்ததும் டீ போடப் பற்றவைத்தபோது தீ. ஒன்பது பேர் இறந்தார்கள்.

அன்றைக்கு எங்கள் தெருவில் எல்லோரும் "என்ன துணிச்சல்" என்றார்கள். எனக்குத் துணிச்சலாகப் படவில்லை. வயதானவர்கள், வேற்று மாநிலம், வெளிச் சாப்பாடு சேராது, விடிந்ததும் சூடாக ஒரு வாய். வீட்டைக் கூடவே எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். புறப்பட்டதிலிருந்து அந்த விடியற்காலை வரை சிலிண்டர் யாரையும் ஒன்றும் செய்யவில்லை. ஒன்றும் ஆகாத ஒவ்வொரு நாளும் "இப்படியே செய்யலாம்" என்று சொல்லிக்கொடுக்கிறது. நம் அடுப்படியில் பர்னர் ஓரத்தில் கிடக்கும் காலண்டர்த் தாள், அடுப்புக்குப் பக்கத்திலேயே நிற்கும் எண்ணெய் பாட்டில், மேலே ஆணியில் ஆடும் துணி எல்லாம் அப்படித்தான் வருடக்கணக்காகத் தேர்வு பெற்று நிற்கின்றன.

மாசி பங்குனியில் மேற்கு மலையில் புல் காய்ந்ததும் வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு போடுவார்கள். சில அடி அகலத்துக்குச் சருகையும் புல்லையும் வழித்து மண்ணை வெறுமையாக்கிவிடுவது. தீ அங்கே வந்து தின்ன ஒன்றுமில்லாமல் நின்றுவிடும். மலைக்குப் போதுமான அந்த யோசனை ஒரு முழ அடுப்பு மேடைக்கும் போதும்.

*

எங்கள் தெருவில் நாலைந்து வீடுகளில் வயதானவர்கள் தனியாக. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், அதற்கும் அப்பால். எதிர் வீட்டுப் பெரியம்மாவுக்கு இப்போது மறதி. அடுப்பில் வெந்நீர் வைத்தது நினைவிருக்காது. பாத்திரம் கருகும் வாசனையில்தான் தெரியும். மகன் இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி அனுப்பினார். நல்ல அடுப்பு, பாத்திரத்தை எடுத்தால் தானே நின்றுவிடும், நேரம் வைத்தால் அந்த நேரத்தில் நிற்கும். பெரியம்மா அதில் பால் மட்டும் காய்ச்சுகிறார். குழம்புக்குத் தீ தெரிய வேண்டுமாம். "தீ தெரியாம என்னத்தடி சமைக்க?"

அடுப்பைப் பிடுங்கிவிடலாம் என்று மகன் போனில் சொன்னார். ஐம்பது வருடம் அந்த வீட்டுக்குச் சமைத்தவரிடமிருந்து அடுப்பை எடுப்பது எனக்குச் சம்மதமில்லை. எடுக்காமல் இருப்பதும் பயம். இப்போதைக்கு ஒரு ஏற்பாடு ஓடுகிறது. காஸ் அடுப்பு காலையில் மட்டும், பக்கத்து வீட்டு மருமகள் கல்லூரி வேலைக்குக் கிளம்பும் வரை. கிளம்பும்போது அவள் உள்ளே எட்டிப் பார்த்து, "மூடியாச்சா அத்தை?" என்று கேட்டு, ஆச்சு என்றாலும் தானே ஒருமுறை ரெகுலேட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகிறாள். பெரியம்மாவுக்கு முதலில் கோபம். இப்போது அவள் வருவதற்கு முன்பே மூடிவிட்டு, ஜெயித்த முகத்தோடு காத்திருக்கிறார். அவள் ஊருக்குப் போகிற நாட்களில் என் முறை.

எங்கள் வீட்டிலும் ராத்திரி கடைசியாக அடுப்படி விளக்கை அணைக்கிறவர் யாரோ அவரே ரெகுலேட்டரை மூட வேண்டும் என்று பேசியிருக்கிறோம். அது பெரும்பாலும் டிவி பார்த்துவிட்டுத் தண்ணீர் குடிக்க வருகிற என் கணவர். முதல் வாரம் தினமும் எந்தப் பக்கம் திருக வேண்டும் என்று கேட்டார். இப்போது கேட்பதில்லை. டியூபில் அச்சிட்ட தேதி இந்த ஆண்டோடு முடிகிறது. ஏஜென்சிக்குப் போன் செய்யும் வேலையும் அவர் பெயரில்தான் எழுதியிருக்கிறது.